வால்ஹைமில் பேஸ் கட்டுவதும் இடம் மாற்றுவதும்: எது முதலில், எது கடைசியில்

வால்ஹைம் என்கிற வைக்கிங் வீடியோ கேமில், எங்கள் சர்வரில் புதிதாகச் சேர்கிறவர்கள் வீடு கட்டும்போது பெரிதாகத் தடுமாறுவதில்லை. கூரை ஒழுகும், வீடெல்லாம் புகையும். இரண்டு நாள் விளையாடினால் பிடிபட்டுவிடும். அவர்கள் மாட்டிக்கொள்வது வீடு மாற்றும்போதுதான். இரும்புக்காகக் கடல் தாண்ட வேண்டும் என்று தெரிந்ததும் பழைய வீட்டை முழுக்கப் பிரித்து, படகில் ஏற்றிக் கிளம்பிவிடுவார்கள். நடுக்கடலில் கடல்பாம்பு வரும். படகு போகும், ஆளும் போவான். படுக்கையையும் பிரித்திருந்தால், எழுந்திருப்பது உலகத்தின் நடுவில் இருக்கும் தொடக்கக் கற்களுக்கு நடுவே, வெறுங்கையோடு.

வரிசை தெரிந்திருந்தால் இதில் எதுவும் நடக்காது. முதல் ஐந்து பகுதிகள் கட்டுவதற்கு. ஏற்கெனவே வீடு உள்ளவர்கள் நேராக ஆறாவதற்குப் போகலாம்.

1. கையில் என்ன இருக்க வேண்டும்

சுத்தியலுக்கு 3 மரம், 2 கல். வொர்க்பெஞ்ச் என்கிற வேலை மேசைக்கு 10 மரம். அதில் செய்யும் ஹோ என்கிற மண்வெட்டிக்கு 5 மரம், 2 கல். இவ்வளவுதான் கருவி.

சிக்கல் மரத்தின் எடையில் இருக்கிறது. ஒரு மரம் எடை 2, ஓர் ஆள் சுமக்கக்கூடிய மொத்த எடை 300. அதாவது 150 மரம் எடுத்தாலே கணக்கு முடிந்தது. உடுப்புக்கும் ஆயுதத்துக்கும் இடமில்லை. அதனால் வேறெங்கோ வெட்டி, தூக்கிக்கொண்டு வந்து கட்டாதீர்கள். கட்டப்போகும் மனையிலேயே வெட்டுங்கள். அங்கே நிற்கும் மரங்களை எப்படியும் அகற்றியாக வேண்டும். வீட்டை ஒட்டி விட்டுவைத்த மரத்தைப் பின்னொரு நாள் வெட்டினால், அது சாய்வது உங்கள் கூரைமேல்தான்.

2. இடம் பார்ப்பது

முதல் வீடு மெடோஸ் என்கிற புல்வெளியில், பிளாக் ஃபாரஸ்ட் என்கிற அடர்காட்டுக்குப் பக்கத்தில், கரையோரமாக இருக்கட்டும்.

மெடோஸ் ஏனென்றால் அங்கே இரவில் சுற்றுபவை பலவீனமானவை. பிளாக் ஃபாரஸ்ட் ஏனென்றால் செம்பும் தகரமும் அங்கேதான். கரை ஏனென்றால் இந்த விளையாட்டில் கனமான எல்லாம் கடைசியில் படகில்தான் போகும். இதை முதல் நாளே யோசிக்கிறவர்கள் குறைவு. மலையடிவாரத்தில் அழகான இடம் பார்த்துக் கட்டிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு முறையும் காடு வழியாக வண்டி இழுப்பார்கள்.

பிளெயின்ஸ் என்கிற சமவெளியின் ஓரத்தில் மட்டும் கட்டாதீர்கள். எல்லையைத் தாண்டி டெத்ஸ்கீட்டோ என்கிற ராட்சதக் கொசு வரும். தொடக்க நிலை உடுப்போடு அதன் ஒரே குத்தில் உயிர் போகலாம். மினிமேப்பில் நீங்கள் நிற்கும் பகுதியின் பெயர் தெரியும். நாலு பக்கமும் கொஞ்ச தூரம் நடந்து, பெயர் எங்கே மாறுகிறது என்று பார்த்துவிட்டு மனையை முடிவு செய்யுங்கள்.

3. வொர்க்பெஞ்ச், தரை, சுவர்

வொர்க்பெஞ்சை வைத்ததும் அதைச் சுற்றி 20 மீட்டருக்குள் கட்டலாம். கட்டுவதற்கு அதன்மேல் கூரை வேண்டாம். கூரையும் சுற்றுச் சுவரும் வேண்டுவது அதில் பொருள் செய்யவும் பழுது பார்க்கவும்தான். இதைக் குழப்பிக்கொண்டு, வெட்டவெளியில் வைத்த பெஞ்சில் கோடரியைப் பழுது பார்க்க முடியவில்லையே என்று கேட்பார்கள்.

அதே 20 மீட்டர் வட்டத்துக்குள் எதிரிகள் புதிதாக முளைப்பதும் இல்லை. பத்து மரத்துக்கு இவ்வளவு மலிவான காவல் வேறு கிடையாது. வீட்டுக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று, படகுத்துறைக்கு ஒன்று என்று வைத்துவிடுங்கள்.

சுவருக்கு முன்னால் ஹோவால் தரையைச் சமப்படுத்துங்கள். நீங்கள் நிற்கும் உயரத்துக்குத்தான் தரை சமமாகும், ஆகவே எந்த மட்டம் வேண்டுமோ அங்கே நின்று தொடங்க வேண்டும். சரிவில் அப்படியே கட்டினால் ஒரு மூலை மண்ணுக்குள் போகும், எதிர் மூலை அந்தரத்தில் நிற்கும்.

அந்தரத்தில் நிற்பதில் என்ன தப்பு? சுத்தியலோடு ஒரு பாகத்தைப் பார்த்தால் நிறம் தெரியும். தரையைத் தொடுவது நீலம். அங்கிருந்து விலக விலகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. சிவப்புக்கு அடுத்து வைப்பது உடைந்து விழும். உயரமாகக் கட்ட ஆசைப்பட்டால், பைன் மரத்தில் கிடைக்கும் கோர் வுட் தூண்களைத் தரையிலிருந்தே எழுப்புங்கள். சாதாரண மரத்தை விட அது பளுவை நன்றாகத் தாங்கும்.

4. கூரை, நெருப்பு, படுக்கை

கூரையைத் தள்ளிப்போடாதீர்கள். மழையில் நனையும் மரப் பாகங்கள் அரை வலுவுக்கு இறங்கிவிடும். அப்படி நைந்த சுவரைத்தான் ரெய்டில் (எதிரிகள் கூட்டமாக வந்து வீட்டைத் தாக்குவது) வரும் கிரேட்வார்ஃப் என்கிற காட்டு எதிரி சீக்கிரம் உடைக்கிறது.

கேம்ப்ஃபயரை மரத்தரைமேல் வைக்க முடியாது, மண்ணில்தான் வைக்க வேண்டும். தரை பரப்பும்போதே ஓரிடத்தைத் திறந்து விடுங்கள். அதற்கு நேர் மேலே கூரையில் புகை போக இடைவெளியும் வேண்டும், ஆனால் மழை நேராக உள்ளே விழக்கூடாது. கூரை முகட்டில் ஒரு வரிசையை எடுத்துவிட்டு, அதற்குச் சற்று மேலே சின்னதாக ஒரு குட்டிக் கூரை போட்டால் இரண்டும் சரியாகும். புகை தேங்கினால் உங்கள் உயிர்க்கோடு மெல்லக் குறையும். முதல் தடவை எனக்கு ஏன் சாகிறேன் என்றே புரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தேன்.

படுக்கைக்கு 8 மரம். மேலே கூரையும் பக்கத்தில் நெருப்பும் இருந்தால்தான் உறங்கலாம். ஒரு நேரத்தில் ஒரு படுக்கைதான் உங்களுடையது: புதிய படுக்கையை உரிமையாக்கிக்கொண்டால் பழையது போய்விடும். இதை நினைவில் வையுங்கள், எட்டாம் பகுதியில் தேவைப்படும்.

5. வேலியும் ரெய்டும்

சுமார் 46 நிமிடத்துக்கு ஒருமுறை விளையாட்டு தாயம் உருட்டும். ரெய்டு விழ 20 சதவீத வாய்ப்பு. உலக அமைப்புகளை மாற்றாதவரை இதுதான் கணக்கு. வொர்க்பெஞ்ச், நெருப்பு, படுக்கை மாதிரி மூன்று பொருள் ஓரிடத்தில் இருந்தாலே அது பேஸ் என்று எண்ணப்படும். பாதி கட்டிய குடிசையும் சேர்த்தி.

மரவேலி மெடோஸ் காலத்துக்குப் போதும். எய்க்தீர் என்கிற முதல் பாஸை வீழ்த்தி, அதன் கொம்பில் பிக்காக்ஸ் செய்ததும் அகழி வெட்டிவிடுங்கள். வேலியை ட்ரோல் என்கிற ராட்சதப் பூதம் எளிதில் பெயர்த்துவிடும், பள்ளத்தை அப்படிப் பெயர்க்க முடியாது. வார்டு வைத்தால் எதிரி வரமாட்டான் என்று பலர் நம்புகிறார்கள். அது மற்ற விளையாட்டாளர்கள் உங்கள் கதவையும் பெட்டியையும் திறக்காமல் தடுப்பதற்கு. ட்ரோலுக்கு அது பொருட்டே இல்லை.

6. உண்மையிலேயே வீடு மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். நகர்த்த வேண்டியது உலையை. வீடு இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

காரணம் போர்ட்டல், அதாவது ஒன்றில் நுழைந்தால் இன்னொன்றில் வெளியே வரும் மந்திர வாசல். மரம், கல், தோல், உணவு, கவசம், ஆயுதம் எல்லாம் போர்ட்டல் வழியாகப் போகும். தாதுவும் உருக்கிய கட்டியும் போகாது: செம்பு, தகரம், வெண்கலம், இரும்பு, வெள்ளி, பிளாக் மெட்டல். ஆக, உங்களை ஓரிடத்தில் கட்டிப்போடுவது உலோகம் மட்டும்தான். இரும்பு கிடைக்கும் ஸ்வாம்ப் என்கிற சதுப்பு நிலத்தின் பக்கத்தில் ஒரு ஸ்மெல்ட்டர் (தாது உருக்கும் உலை), ஒரு கில்ன் (மரத்தைக் கரியாக்கும் சூளை), ஒரு ஃபோர்ஜ் (கொல்லுலை) இருந்தால், அங்கேயே உருக்கி அங்கேயே கோடரியாக அடித்து, கோடரியைப் போர்ட்டலில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

முழு வீட்டையும் மாற்றுவது இரண்டு நேரங்களில் நியாயம். முதல் வீடு கடலை விட்டு ரொம்பத் தள்ளி அமைந்துவிட்டால் ஒன்று. பிளெயின்ஸ் கட்டத்துக்கு வந்துவிட்டால் இன்னொன்று. பார்லியும் ஃபிளாக்ஸ் என்கிற ஆளியும் பிளெயின்ஸ் மண்ணில்தான் விளையும், அங்கே எப்படியும் தோட்டமும் காற்றாலையும் வேண்டும்.

உலக அமைப்புகளில் எல்லாப் பொருளையும் போர்ட்டல் ஏற்கும்படி மாற்றியிருந்தால், அல்லது ஆஷ்லேண்ட்ஸ் என்கிற எரிநிலம் வரை போய், எல்லாவற்றையும் ஏற்கும் கல் போர்ட்டல் கட்டிவிட்டிருந்தால், ஒன்பதாம் பகுதியும் கடல் பகுதியும் உங்களுக்கு வேண்டியதில்லை.

7. கிளம்பும் முன்: போர்ட்டல் பொட்டலம்

பழைய வீட்டில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாதீர்கள். புதுவீட்டில் பால் காய்ச்சாமல் பழைய வீட்டுச் சாவியை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா?

ஒரு போர்ட்டலுக்கு 20 ஃபைன் வுட் (உயர்தர மரம்), 10 கிரேட்வார்ஃப் கண், 2 சர்ட்லிங் கோர் (நெருப்புக் கரு). இரண்டு போர்ட்டலுக்கு வேண்டியதைச் சேருங்கள். ஒன்றைப் பழைய வீட்டில் இப்போதே கட்டிப் பெயர் வையுங்கள். பெயர் ஒன்றாக இருக்கும் இரண்டுதான் இணையும். அதே பெயரில் மூன்றாவது ஒன்று எங்காவது கிடந்தால் குழப்பம்தான், பழையவற்றைச் சரிபாருங்கள்.

இன்னொன்றின் பொருட்களைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே சுத்தியல், வொர்க்பெஞ்சுக்கும் சின்னக் கொட்டகைக்குமாக 50 மரம், நெருப்புக்குக் கல், நல்ல உணவு. முதல் பயணத்தில் உலோகம் ஒரு துண்டுகூட வேண்டாம். வெறும் படகோடு செத்தால் நஷ்டம் ஒரு படகும் ஒரு பொட்டலமும்தான்.

8. புது மண்ணில் முதல் பத்து நிமிடம்

கரையில் இறங்கியதும் இந்த வரிசை:

வொர்க்பெஞ்ச். அடுத்த மூச்சில் போர்ட்டல். பெஞ்ச் இருந்தால்தான் போர்ட்டல் கட்ட முடியும்; போர்ட்டல் நின்றுவிட்டால் இனி நீங்கள் எங்கே செத்தாலும் அரை நிமிடத்தில் இங்கே திரும்பலாம். சுற்றிப் பார்ப்பது, மனை தேர்வது, கல் பொறுக்குவது எல்லாம் அதற்குப் பிறகு.

போர்ட்டலைச் சுற்றி நாலு சுவர் எழுப்பிவிடுங்கள். எதிரிகள் அதை அடித்து உடைக்கலாம். நீங்கள் பழைய வீட்டில் இருக்கும்போது இங்கே உடைந்தால், திரும்பவும் படகுதான்.

படுக்கையை மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இங்கே பெட்டியில் மாற்று உடுப்பு, ஆயுதம், உணவு என்று ஒரு தொகுப்பு வந்து சேர்ந்த பிறகு புதிய படுக்கையை உரிமையாக்குங்கள். வெறும் கொட்டகையில் உயிர்த்தெழுந்தால், செத்த இடத்தில் தோன்றும் கல்லறையில் கிடக்கும் உங்கள் சாமானை எடுக்க வெறுங்கையோடு ஸ்வாம்ப்புக்குள் நடக்க வேண்டியிருக்கும்.

9. வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் உலோகம்

எல்லோரும் இடறும் இடம் இதுதான்.

கட்டியதைச் சுத்தியலால் பிரித்தால் போட்ட பொருள் முழுதாகத் திரும்பிவிடும். நல்ல செய்திதான். ஆனால் ஃபோர்ஜைப் பிரித்தால் மரமும் கல்லும் கரியும் மட்டுமா வருகிறது, 6 செம்பும் வரும். அந்தச் செம்பு பையில் இருக்கும்வரை போர்ட்டல் உங்களை உள்ளே விடாது.

எங்கள் சர்வரில் ஒரு தம்பி சமையலறையைப் பிரித்துவிட்டு, பை நிறையச் சாமானோடு போர்ட்டல் முன்னால் ஐந்து நிமிடம் நின்றான். "போர்ட்டல் கெட்டுப்போச்சு அண்ணா" என்றான். பையைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கால்ட்ரன் என்கிற சமையல் கொப்பரையின் 10 தகரம் ஒரு மூலையில் இருந்தது.

பிரிப்பதற்கு முன் ஒரு காகிதம் எடுத்துக் கணக்குப் போடுங்கள். நடுத்தரமான ஒரு வீட்டுக்கு என் கணக்கு இப்படி வந்தது:

- ஃபோர்ஜ் ஒன்று: 6 செம்பு
- கால்ட்ரன் ஒன்று: 10 தகரம்
- ஃபெர்மென்ட்டர் (நொதிக்க வைக்கும் பீப்பாய்) இரண்டு, தலா 5: 10 வெண்கலம்
- ஸ்டோன்கட்டர் (கல் வெட்டும் மேசை) ஒன்றில் 2, ரீஇன்ஃபோர்ஸ்டு (இரும்பால் வலுவாக்கிய) பெட்டி எட்டில் தலா 2: 18 இரும்பு

நாலு வகை உலோகம், நாலு அடுக்கு. கார்வ் படகின் சரக்கறையில் இருப்பதும் சரியாக நாலு கட்டம்தான். ஃபோர்ஜின் துணைக்கருவிகளையும் சேர்த்தால் இரும்பு கூடும். ஸ்மித்ஸ் ஆன்வில்லுக்கு மட்டும் 20. ஒரு கட்டத்தில் 30 கட்டிதான் அடங்கும், அதற்கு மேல் போனால் மீதியை உங்கள் பையில்தான் வைத்தாக வேண்டும்.

ஸ்மெல்ட்டரும் கில்னும் இந்தக் கணக்கில் வராது. இரண்டுக்கும் தலா 20 கல், 5 சர்ட்லிங் கோர். இரண்டுமே போர்ட்டலில் போகும். அதனால் ஸ்மெல்ட்டரை முதலிலேயே மாற்றிவிடலாம்.

10. பிரிக்கும் வரிசை

கட்டிய வரிசையைத் தலைகீழாக்குங்கள். ஒரு பாகத்தைக் கட்ட எந்த மேசை தேவைப்பட்டதோ, பிரிக்கவும் அது பக்கத்தில் வேண்டும்.

முதலில் பெட்டிகளைக் காலி செய்யுங்கள். சாமானோடு பிரித்தால் எல்லாம் தரையில் சிதறும். உலோகமில்லாததை எல்லாம் இந்தக் கட்டத்திலேயே போர்ட்டலில் அனுப்பிவிடுங்கள், சுமை 300 ஆனதால் பல நடை ஆகும். ஹால்டோர் என்கிற வியாபாரியிடம் 950 காசுக்கு மெகின்யோர்ட் பெல்ட் வாங்கியிருந்தால் 450 வரை தூக்கலாம். நடை மூன்றில் ஒன்று குறையும்.

அடுத்து கால்ட்ரன், ஃபெர்மென்ட்டர். இவற்றுக்கு ஃபோர்ஜ் அருகில் வேண்டும், ஆகவே ஃபோர்ஜ் இவற்றுக்குப் பின். கல் சுவர்கள் இருந்தால் அவை முடிந்த பிறகே ஸ்டோன்கட்டர். வொர்க்பெஞ்ச் கடைசி. பெஞ்சை முதலில் எடுத்துவிட்டு, சுத்தியல் வேலை செய்யவில்லை என்று விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து மரம் இருந்தால் திரும்ப வைத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை.

சுவர், கூரையைப் பிரிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. அவ்வளவு மரத்தைச் சுமந்து வருவதை விட அங்கேயே வெட்டுவது வேகம்.

11. கடல்

உருக்கிவிட்டுக் கொண்டுபோனால் இலேசாகும் என்று நினைக்காதீர்கள். உருக்காத ஸ்கிராப் அயர்ன் ஒன்று எடை 10, உருக்கிய இரும்பு 12. முப்பது கட்டி 360. ஒரே ஓர் அடுக்கு இரும்பை எடுத்தாலே பெல்ட் இல்லாத ஆளால் ஓட முடியாது. அதனால் வீட்டிலிருந்து கரைக்கு வண்டியில் இழுங்கள். படகுக்கோ எடைக் கணக்கே இல்லை, கட்டக் கணக்குதான். லாங்ஷிப் என்கிற பெரிய படகு இருந்தால் 18 கட்டம், ஆனால் அதற்கு ஸ்வாம்ப்பின் ஏன்ஷியன்ட் பார்க் என்கிற மரப்பட்டையும் 100 இரும்பு ஆணியும் வேண்டும். முதல் மாற்றத்துக்குக் கார்வ்தான் கதி: 30 ஃபைன் வுட், 10 மான்தோல், 20 ரெசின் (மரப்பிசின்), 80 வெண்கல ஆணி.

விடியலில் கிளம்புங்கள். கரையை ஒட்டிப் போங்கள். கடல்பாம்பு ஆழ்கடல் பகுதியில்தான், அதுவும் இரவிலும் புயலிலும் அதிகம். எதிர்க்காற்றில் பாய் விரித்துப் பயனில்லை. துடுப்பு வேகத்தில் ஊர்வதை விடக் காற்று திரும்பும்வரை கரையில் காத்திருப்பது மேல்.

படகு உடைந்தால் சரக்கு பெட்டியாக மிதக்கும், கடலில் செத்தால் கல்லறையும் மிதக்கும். வரைபடத்தில் உடனே குறி வையுங்கள். இரண்டு கரையிலும் போர்ட்டல் இருப்பதால், இன்னொரு படகு கட்டிக்கொண்டு அருகிலிருந்தே தேடிப் போகலாம். போர்ட்டலை முதலில் கட்டச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

கரை சேர்ந்ததும் வொர்க்பெஞ்ச் அருகே படகைச் சுத்தியலால் பிரித்து வைத்துவிடுங்கள். பொருள் முழுதாகத் திரும்பும். அலையில் நிற்கும் படகு மெல்ல அடிபட்டு நொறுங்கும்.

12. பன்றி, ஓநாய், தேனீ

தேன்கூட்டைப் பிரித்தால் ராணித்தேனீ கைக்கு வரும், போர்ட்டலிலும் போகும். பழக்கிய ஓநாய் பின்னால் வரும், ஆனால் போர்ட்டலுக்குள் வராது. படகில் ஏற்றிக் கொண்டுபோவது பெரும்பாடு. பழக்கிய பன்றி பின்னால்கூட வராது. பன்றியை இழுத்துக்கொண்டு போக இரண்டு நாள் செலவழித்தவர்கள் உண்டு. விட்டுவிடுங்கள், புது ஊரில் வேறு பன்றி பழக்கலாம்.

கேரட், டர்னிப் பாத்திகளை அறுவடை முடியும்வரை பழைய இடத்திலேயே வையுங்கள். வேலி, ஒரு வொர்க்பெஞ்ச், ஒரு போர்ட்டல், இந்த மூன்றையும் அங்கிருந்து எடுக்காதீர்கள். தோலும் ரெசினும் பின்னாலும் தேவைப்படும், அவற்றுக்கு மெடோஸ் வீடுதான் பக்கம்.